ஏரிக்கரை மக்களும் ஆறு ஆய்வகங்களும் - ஹண்டிங்டன் மரபணு கிடைத்த கதை

நம் பாடப்புத்தகங்களில் ஒரு கண்டுபிடிப்பு என்றால் ஒரு பெயரும் ஒரு ஆண்டும் இருக்கும். காசநோய்க் கிருமி - ராபர்ட் கோக், 1882. பென்சிலின் - அலெக்சாண்டர் பிளெமிங், 1928. ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது மிகவும் வசதியானது. ஆனால் ஹண்டிங்டன் நோய்க்கான மரபணுவைக் கண்டுபிடித்தவர் யார் என்று யாராவது வினாத்தாளில் கேட்டுவிட்டால் மாணவன் பாடு திண்டாட்டம்தான்! 1993-ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று 'செல்' ஆய்விதழில் அந்தக் கண்டுபிடிப்பு வெளிவந்தபோது, ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஹண்டிங்டன் நோய்க் கூட்டு ஆய்வுக் குழு' என்று போட்டிருந்தார்கள். அந்தக் குழுவில் அமெரிக்காவையும் பிரிட்டனையும் சேர்ந்த ஆறு ஆய்வகங்கள், மொத்தம் 58 பேர்.

இன்று பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு நோயை ஆராய்வது சாதாரணச் செய்தி. ஆனால் 1980-களில் மரபணு வேட்டை என்பது ஓட்டப்பந்தயம் போல இருந்தது. முதலில் வருபவருக்கே பெயர், புகழ், அடுத்த நிதி எல்லாம். அப்படிப்பட்ட பந்தயத்தில் ஓட வேண்டியவர்கள் எப்படி ஒரே வடத்தைப் பிடித்துத் தேர் இழுத்தார்கள், அந்தத் தேர் யார் வீட்டு வாசலுக்குப் போனது, யார் வீட்டு வாசலுக்குப் போகவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சில வரிகள். ஹண்டிங்டன் நோய் மூளையின் நரம்பணுக்களை மெல்ல மெல்ல அழிக்கும் ஒரு பரம்பரை நோய். கைகால்கள் தம் இஷ்டத்துக்கு அசையத் தொடங்கும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், நினைவும் மனநிலையும் மாறும். பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தலைகாட்டி, 15 அல்லது 20 ஆண்டுகளில் உயிரைக் கொண்டு போய்விடும். தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. இதில் கொடுமை என்னவென்றால், தனக்கு நோய் இருப்பது தெரிய வருவதற்குள் ஒருவர் திருமணம் செய்து பிள்ளைகளும் பெற்றிருப்பார்.

1872-ஆம் ஆண்டு இந்த நோயைத் தெளிவாக விவரித்தவர் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர். அப்போது அவருக்கு வயது 22 மட்டுமே! அந்த வயதில் ஒரு பரம்பரை நோயைப் பல தலைமுறைக்குப் பார்த்திருக்க முடியுமா? அவருடைய தாத்தாவும் அப்பாவும் லாங் ஐலண்ட் பகுதியில் மருத்துவர்களாக இருந்தவர்கள். அதே குடும்பங்களுக்கு அவர்கள் பார்த்த வைத்தியமும் வைத்திருந்த குறிப்புகளும் பேரனுக்குக் கைகொடுத்தன. ஒரு தலைமுறையில் ஒருவர் இந்த நோய்க்குத் தப்பிவிட்டால் அதோடு அந்த நூல் அறுந்துவிடுகிறது, பேரப்பிள்ளைகளுக்கு அது திரும்பி வருவதில்லை என்று அவர் எழுதினார். மெண்டலின் விதிகள் உலகத்துக்குத் தெரிய வந்தது 1900-இல்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு கூர்மையான கவனிப்பு என்பது புரியும்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1967-இல் புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரி இந்த நோயால் இறந்தார். அவருடைய முன்னாள் மனைவி மார்ஜரி கத்ரி நோயாளிகளின் குடும்பங்களைத் திரட்டி ஒரு அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மனநல நிபுணராக இருந்த மில்டன் வெக்ஸ்லர் என்பவரின் வீட்டிலும் இந்த இடி விழுந்தது. அவரிடமிருந்து பிரிந்திருந்த மனைவி லியோனோருக்கு ஹண்டிங்டன் நோய் என்று உறுதியானது. லியோனோரின் தந்தையும் மூன்று சகோதரர்களும் இதே நோயால் இறந்தவர்கள். ஒரு நாள் காலையில் அவர் சாலையைக் கடந்தபோது, காலங்காத்தாலே குடித்திருக்கிறாரே என்று யாரோ ஏசியதுதான் அவரை மருத்துவரிடம் போக வைத்தது. அவருக்கு இரண்டு மகள்கள், ஆலிஸ், நான்சி. இருவருக்கும் அந்த 50 சதவீத வாய்ப்பு.

மில்டன் வெக்ஸ்லர் உயிரியல் விஞ்ஞானி இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மனிதர்களை உட்கார வைத்துப் பேச வைப்பது. அதையே அவர் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தினார் என்பதுதான் என் பார்வையில் இந்தக் கதையின் மிக முக்கியமான திருப்பம். பின்னாளில் 'பரம்பரை நோய் அறக்கட்டளை' என்று பெயர் பெற்ற அமைப்பின் மூலம் சிறு சிறு பட்டறைகளை நடத்தினார். பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள், அதிலும் இளைஞர்களுக்கு முன்னுரிமை. தயார் செய்த உரை கூடாது, ஸ்லைடு கூடாது. ஏற்கெனவே அச்சில் வந்ததைச் சொல்லாமல், மனதில் பட்டதை, அரைகுறை யோசனையாக இருந்தாலும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஹண்டிங்டன் நோயாளிகளே நேரில் வந்து தங்கள் நிலையை இந்த விஞ்ஞானிகளிடம் சொல்வதும் உண்டு. எலியையும் பாக்டீரியாவையும் மட்டுமே பார்த்துப் பழகிய பலர் அங்கேதான் முதன்முதலாக ஒரு ஹண்டிங்டன் நோயாளியைப் பார்த்தார்கள். மாலையில் விருந்து, சில சமயம் ஹாலிவுட் நட்சத்திரங்களோடு! வெக்ஸ்லருக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பழக்கம் இருந்தது. சினிமாக்காரர்களைக் காட்டி விஞ்ஞானிகளை இழுப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் ஒரு மாநாட்டில் ஆயிரம் பேர் சேர்ந்து சாதிக்காததை அந்தச் சின்ன அறைகள் சாதித்தன.

1979 அக்டோபரில் நடந்த பட்டறையில் ஒரு புதிய யோசனை விவாதிக்கப்பட்டது. அதை இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். டி.என்.ஏ.வை சில நொதிகள் குறிப்பிட்ட இடங்களில் கத்தரிபோல் வெட்டும். அந்த வெட்டும் இடங்கள் ஆளுக்கு ஆள் சற்று மாறுவதால் கிடைக்கும் துண்டுகளின் நீளமும் மாறும். இந்த நீள வேறுபாடுகள் ஒரு நெடுஞ்சாலையின் மைல்கற்கள் போன்றவை. ஒரு பெரிய குடும்பத்தில் நோய் யாருக்கெல்லாம் போகிறதோ அவர்களுக்கெல்லாம் ஒரே மைல்கல்லும் கூடவே போகிறது என்றால், நோய்க்கான மரபணு அந்த மைல்கல்லுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். மரபணு எப்படி இருக்கும், என்ன செய்யும் என்று ஒன்றுமே தெரியாமல் அது குடியிருக்கும் தெருவைக் கண்டுபிடித்துவிடலாம்! டேவிட் போட்ஸ்டீன், ரொனால்ட் டேவிஸ், மார்க் ஸ்கோல்னிக், ரே ஒயிட் ஆகிய நால்வரும் 1980-இல் வெளியிட்ட இந்த யோசனை, பிற்காலத்து மனித மரபணு வரைபட முயற்சிகள் எல்லாவற்றுக்கும் அடித்தளமானது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டேவிட் ஹவுஸ்மன், இதை ஹண்டிங்டன் நோயில் இப்போதே முயன்று பார்க்கலாம் என்றார். மைல்கற்களே இன்னும் நடப்படவில்லையே, பல ஆண்டுகள் ஆகுமே என்று தயங்கியவர்களும் அந்த அறையில் இருந்தார்கள். தயங்கியதில் தவறில்லை. அப்போது கையில் இருந்த மைல்கற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அறக்கட்டளை ஹவுஸ்மன் பக்கம் நின்றது. அவருடைய மாணவரான ஜேம்ஸ் குசெல்லா, பாஸ்டன் நகரின் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வேலையைத் தொடங்கினார்.

இந்த முறைக்கு முக்கியத் தேவை ஒரு மிகப் பெரிய குடும்பம். அது இருந்த இடம் தென் அமெரிக்காவில், வெனிசுவேலாவின் மாரகாய்போ ஏரிக்கரை.

அங்கே சூலியா மாநிலத்தில் 1950-களில் பணியாற்றிய அமெரிக்கோ நெக்ரெத்தே என்ற மருத்துவர், தெருவில் தள்ளாடி நடப்பவர்களைப் பார்த்து முதலில் குடிகாரர்கள் என்றே நினைத்தார். (லியோனோரைப் பார்த்தவரும் அப்படித்தானே நினைத்தார்!) அது குடியில்லை, ஊரில் வழிவழியாக வரும் நோய் என்று அங்குள்ளவர்கள் அவருக்குச் சொன்னார்கள். விசாரித்துப் பார்த்து இது ஹண்டிங்டன் நோய்தான் என்று கண்டுகொண்ட நெக்ரெத்தே அதைப் பற்றி 1963-இல் ஒரு நூலே எழுதினார். ஆனால் அது ஸ்பானிய மொழியில் இருந்ததால் வெளியுலகம் அதிகம் கவனிக்கவில்லை. 1972-இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் கட்டுரையின் நூற்றாண்டு விழா அமெரிக்காவின் ஒஹையோவில் நடந்தபோது, நெக்ரெத்தேயின் மாணவர் ரமோன் அவிலா-கிரோன் அந்த ஊர்களில் எடுத்த ஒரு திரைப்படத்தைப் போட்டுக் காட்டினார். ஒரே ஊரில் இத்தனை நோயாளிகளா என்று அரங்கமே திகைத்தது. பார்த்தவர்களில் ஒருவர் நான்சி வெக்ஸ்லர்.

நான்சி 1979-இல் முதன்முதலாக அங்கே போனார். 1981 முதல் ஆண்டுதோறும் ஒரு குழுவோடு போனார். நரம்பியல் மருத்துவர்கள், செவிலியர்கள், மரபியலாளர்கள், வெனிசுவேலா நாட்டு மருத்துவர்கள் எல்லோரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். சான் லூயிஸ், பர்ராங்கித்தாஸ், தண்ணீருக்குள் கால்நட்டுக் கட்டிய வீடுகள் கொண்ட லகுனெட்டா ஆகியவை அவர்கள் வேலை செய்த ஊர்கள். மீன்பிடித்துப் பிழைக்கும் ஏழை மக்கள். யார் யாருக்குப் பிள்ளை, யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதினார்கள். நம் ஊரில் பாட்டிமார்களைக் கேட்டால் ஏழு தலைமுறை உறவையும் ஒப்பிப்பார்களே, அதுபோல அங்கேயும் பெரியவர்களின் நினைவுதான் முதல் ஆவணம். கடைசியில் அந்த வம்சாவளி பத்துத் தலைமுறைகளுக்கு நீண்டு, 18,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டதாக வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வாழ்ந்த மரியா கன்செப்சியோன் என்ற பெண்ணின் வழிவந்தவர்கள் இவர்கள் என்று தெரிய வந்தது.

இரத்தம் கொடுக்க மக்கள் எளிதில் முன்வரவில்லை. எங்கோ இருந்து வந்த வெள்ளைக்காரர்கள் இரத்தமும் தோலும் கேட்டால் யார்தான் கொடுப்பார்கள்? நான்சியின் கையில் ஒரு சிறு வடு இருந்தது. அவரும் ஆராய்ச்சிக்காகத் தன் தோலில் ஒரு துண்டைக் கொடுத்திருந்தார். குழுவில் இருந்த செவிலியர் ஒருவர் அந்தக் கையைத் தூக்கிக் காட்டி, இவளுடைய தாய்க்கும் இதே நோய்தான், இவளும் உங்களைப் போலக் கொடுத்தவள்தான் என்று சொன்ன பிறகே மக்களின் தயக்கம் கலைந்தது. பின்னாளில் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ ஒப்புதல் படிவங்கள் வந்துவிட்டன. அந்த வடு செய்த வேலையை ஒரு படிவம் செய்யுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த பயணங்களில் 4,000-க்கும் அதிகமானோர் இரத்தம் கொடுத்தார்கள்.

அந்த இரத்தம் கெடுவதற்குள் விமானத்தில் பாஸ்டன் போய்ச் சேரும். அங்கே குசெல்லாவின் ஆய்வகம் அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து மைல்கற்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும். முடிவுகள் இந்தியானா பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் கானெலிக்குப் போகும். அவர் வம்சாவளியோடு அவற்றைக் கணினியில் பொருத்திப் பார்ப்பார். நூற்றுக்கணக்கான மைல்கற்களைச் சோதிக்க வேண்டியிருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் ஏறக்குறைய பன்னிரண்டாவதாகச் சோதித்த 'ஜி8' என்ற குறியே அகப்பட்டுவிட்டது! அயோவா மாநிலத்து அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் முதலில் லேசான அறிகுறி தென்பட்டது. வெனிசுவேலா குடும்பத்தின் இரத்தத்தைச் சோதித்ததும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. நோயும் ஜி8-உம் சேர்ந்தே பயணிக்கின்றன என்பதற்கான சாத்தியம், இல்லை என்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். மரபணு நான்காம் குரோமோசோமில் இருக்கிறது என்ற செய்தி 1983 நவம்பரில் 'நேச்சர்' இதழில் வந்தது. எந்தக் குரோமோசோம் என்றுகூடத் தெரியாத ஒரு நோய் மரபணுவை டி.என்.ஏ. மைல்கற்களைக் கொண்டு கண்டறிந்த முதல் பெரிய வெற்றி இது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் மாரகாய்போவைச் சேர்ந்த எர்னெஸ்டோ பொனியாவின் பெயரும் இருந்தது.

தெரு தெரிந்துவிட்டது, வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியதுதானே பாக்கி? அதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

இப்போதுதான் கூட்டணிக்கு உண்மையான சோதனை. தெருவின் பெயர் அச்சில் வந்துவிட்டதால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வேட்டையில் இறங்கலாம். அறக்கட்டளை முந்திக்கொண்டு 1984-இல் ஒரு கூட்டணியை அமைத்தது. பாஸ்டனில் குசெல்லா, மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹவுஸ்மன், மிச்சிகனில் பிரான்சிஸ் காலின்ஸ், கலிபோர்னியாவின் இர்வினில் ஜான் வாஸ்மத், லண்டனில் ஹான்ஸ் லெராக், வேல்ஸின் கார்டிப் நகரில் பீட்டர் ஹார்ப்பர் ஆகியோரின் குழுக்கள் அந்த ஆறு. ஒருவர் கண்டதை அச்சில் வரும் முன்பே மற்றவருக்குச் சொல்வது, டி.என்.ஏ. மாதிரிகளைப் பகிர்ந்துகொள்வது, கடைசியில் எல்லோர் பெயரிலும் வெளியிடுவது என்பது ஏற்பாடு. எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். தனித்தனிப் பந்தயத்துக்குப் பழகிய ஆறு குழுக்கள் அவை. உரசல்கள் இருந்தன. பிடித்து வைத்தவர் வெக்ஸ்லர் குடும்பம். அவர்களுக்கு யார் பெயர் முதலில் வருகிறது என்பதில் அக்கறை இல்லை, மரபணு வந்தால் போதும்.

நடுவில் ஒரு பெரிய திசைமாற்றமும் நேர்ந்தது. சில குடும்பங்களின் தரவுகள் மரபணு குரோமோசோமின் நுனியிலேயே இருப்பதாகக் காட்டின. எல்லோரும் நுனியைக் குடைந்தார்கள், அங்கே ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே தள்ளி வந்து தேடியபோது, 'ஐடி15' என்று தற்காலிகப் பெயரிட்டிருந்த ஒரு மரபணுவில் விடை கிடைத்தது. சுவாரசியமான படி எண் 15 என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்! அதில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. 26 தடவை வரை வந்தால் தொல்லையில்லை. 40 அல்லது அதற்கு மேல் வந்தால் இயல்பான ஆயுள் வாழ்பவருக்கு நோய் உறுதி. ஒரே ஊமைச் சொல்லைத் திக்கித் திக்கிச் சொல்வதுபோன்ற ஒரு பிழை, ஒரு மனிதனின் நடையையும் பேச்சையும் நினைவையும் பறிக்கிறது.

மரபணு கிடைத்ததால் உடனே கிடைத்தது ஒரு பரிசோதனை. துல்லியமான இரத்தப் பரிசோதனையில் ஒருவருக்கு நோய் வருமா வராதா என்று சொல்லிவிடலாம். ஆனால் வரும் என்றால் கொடுக்க மருந்து இல்லை. பரிசோதனை வந்தால் செய்துகொள்வோம் என்று முன்பு சொன்ன குடும்பங்களில் பெரும்பாலானோர், அது வந்த பிறகு செய்துகொள்ளவில்லை. வாழ்நாளையே இந்தத் தேடலுக்குக் கொடுத்த நான்சி வெக்ஸ்லரும் பரிசோதனை பற்றிய தன் முடிவை நெடுங்காலம் வெளியே சொல்லவில்லை. தனக்கும் நோய் இருப்பதை 2020-ஆம் ஆண்டு அவரே வெளிப்படையாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 74.

ஆய்வகத்திலிருந்து நோயாளியின் படுக்கை வரை உள்ள தூரம் எவ்வளவு என்பதை அதற்குப் பிந்தைய ஆண்டுகள் காட்டின. 1996-இல் லண்டனில் ஜிலியன் பேட்ஸ் குழுவினர் இந்தப் பிழையுள்ள மரபணுத் துண்டைச் செலுத்தி எலிகளை உருவாக்கினர். அந்த எலிகளைத் தங்களிடமே வைத்துக்கொள்ளாமல் பிற ஆய்வகங்களுக்கும் கிடைக்கச் செய்தது பெரிய உதவி. நோயின் அசைவுகளைக் கட்டுப்படுத்த டெட்ராபெனசீன் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2008-இல் அனுமதி கிடைத்தது. அது அசைவைக் குறைக்குமே தவிர நோயை நிறுத்தாது. கெட்ட புரதத்தின் அளவையே குறைக்கும் டோமினெர்சென் மருந்தைப் பெரிதும் நம்பினார்கள். 2021 மார்ச் மாதம் அதன் பெரிய சோதனையில் மருந்து கொடுப்பது நிறுத்தப்பட்டது. 2025 செப்டம்பரில், மூளைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஒரு மரபணுச் சிகிச்சை மூன்றாண்டுகளில் நோயின் வேகத்தை 75 சதவீதம் குறைத்ததாக அதை உருவாக்கிய நிறுவனம் அறிவித்தது. அந்தக் கணக்கு அதிக அளவு மருந்து பெற்ற 12 நோயாளிகளை, சோதனைக்கு வெளியே இருந்த நோயாளிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டு எடுக்கப்பட்டது. ஆகவே கொண்டாடுவதில் கொஞ்சம் நிதானம் தேவை.

ஏரிக்கரைக்கு என்ன கிடைத்தது? ஆய்வுக் குழுக்கள் வந்த காலத்தில் மருத்துவ உதவி கிடைத்தது. 1999-இல் அறக்கட்டளையின் உதவியோடு மாரகாய்போவில் நோயாளிகளுக்கென்று ஒரு பராமரிப்பு இல்லம் திறக்கப்பட்டது. 2004-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அந்த மக்களின் தரவுகளை வைத்து, நோய் எந்த வயதில் தொடங்கும் என்பதை சி-ஏ-ஜி எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை, வேறு மரபணுக்களுக்கும் சூழலுக்கும் பங்குண்டு என்று காட்டியது. அந்த ஆய்வின் ஆசிரியர் பெயரில் 'அமெரிக்க - வெனிசுவேலா கூட்டு ஆய்வுத் திட்டம்' என்று இரு நாடுகளும் சமமாக நின்றன. அச்சில் நின்ற அந்தச் சமம் ஊருக்குள் வரவில்லை. வெனிசுவேலாவின் பொருளாதாரம் சரிந்த ஆண்டுகளில் மருந்துக்கும் உணவுக்கும் அந்தக் குடும்பங்கள் திண்டாடின. பராமரிப்பு இல்லம் 2014-இல் மூடப்பட்டது.

இதில் யாரையும் திருடர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நான்சி அவர்களை ஏமாற்றவில்லை, தன் சொந்த உறவினராகவே நடத்தினார். கூட்டணியின் விதிகள் ஆறு ஆய்வகங்களுக்கும் நியாயமாகத்தான் இருந்தன: 58 பேருக்கும் ஒரே பெயர், ஒரே புகழ். ஆனால் அந்த விதிகளை எழுதியபோது ஏழாவது தரப்பு ஒன்று இருப்பது யாருடைய கணக்கிலும் வரவில்லை. இரத்தம் பகிர்வது எப்படி என்று எழுதினார்கள், மருந்து வந்தால் அது பர்ராங்கித்தாஸுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று எழுதவில்லை. 1984-இல் மருந்து வெகுதூரத்தில் இருந்ததால் அது யாருக்கும் உறைக்கவில்லை என்று வாதிடலாம். இருக்கலாம். இப்போது அவ்வளவு தூரமில்லையே!

2017 மே மாதம் போப் பிரான்சிஸ் வாட்டிகனில் ஹண்டிங்டன் நோயாளிகளைச் சந்தித்தார். தென் அமெரிக்காவிலிருந்து பல குடும்பங்கள் வந்திருந்தன. அவர்களில் பலர் விமானம் ஏறியதே அதுதான் முதல் தடவை. 2025-இல் செய்தியில் அடிபட்ட அந்த மரபணுச் சிகிச்சைக்கு மண்டையோட்டில் துளையிட்டுப் பல மணி நேரம் செய்யும் அறுவை தேவை. அதற்கான சோதனைகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தன.